கக்கத்தில் இடுக்கிய கோல்

கல்யாணமாகி நான் அந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், மாசியோ பங்குனியோ, காலை வெயிலில் ஓர் ஆள் என் வாசலில் வந்து நின்று என் மானத்தை வாங்கினார். முகமெல்லாம் அரிதாரம், தலையில் கூம்புக் குல்லா, காலில் சலங்கை, கையில் ஒரு கோல். அவருக்குப் பின்னால் தெருவே கூடி நின்றது.

“இந்த ஊட்டு ஆம்பளைக்கு ஒரே வாயி. அதுவும் சோறு துன்னத்தான்” என்று கோலால் என் புருஷனைக் காட்டினார். அப்புறம் கோல் என் பக்கம் திரும்பியது. “புதுசா வந்துகீற தங்கச்சிக்கு ரெண்டு வாயி. ஒண்ணு தமிழு, ஒண்ணு தெலுங்கு. சண்டைய தமிழ்ல ஆரம்பிக்கும், திட்றத தெலுங்குல திட்டும். மாப்பிள்ளைக்குப் பாதி புரியாது. அதனாலதான் குடும்பம் ஓடுது!”

தெரு கொல்லென்று சிரித்தது. என் புருஷனும் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. நான் பிறந்தது ஆரம்பாக்கத்துக்கும் அந்தாண்டை, ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். எங்களுக்கு அப்பா என்றால் நைனா, காசு என்றால் டப்பு. கோபம் வந்தால் தெலுங்குதான் முதலில் வாயில் வரும். ஆனால் நான் இந்த ஊருக்கு வந்து நாலே மாசம். தெருவில் யாரிடமும் சண்டை போட்டதில்லை. வீட்டுக்குள் போட்ட சண்டை இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

எதிர்வீட்டுக்காரி வந்து என்னைத் தேற்றினாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, ஊர் விஷயம் இருபது வயது கூடுதல். “யக்கா, இதுக்கா அய்வாங்க? உன் ஊட்டுக்காரரே போய் சொல்லிக் குட்த்திருப்பாரு. கட்டியக்காரர் வாயால கேலி வாங்குனாதான் நீ இந்த ஊர்க்காரி. இல்லாங்காட்டி விருந்தாளி.”

புருஷனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். அவர்தான் சொல்லியிருக்கிறார்!

அந்த ஊர் வழக்கம் அப்படி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் கூத்து. கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவரை விடக் கட்டியக்காரருக்குத்தான் மவுசு. கோமாளி அவர்தான், ராஜா வருவதைக் கட்டியம் கூறிச் சொல்கிறவரும் அவர்தான், அந்த ராஜாவையே ‘யார்யா நீ’ என்று கேட்கிறவரும் அவர்தான். கூத்து முடிந்த காலையில் வேஷத்தைக் கலைக்காமல் தெருத்தெருவாக வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த வீட்டைப் பற்றி ஒரு கேலி. கேலி முடிந்ததும் வீட்டுப் பெண் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொட்ட வேண்டும். அந்தக் கேலிக்கு யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்துக்கொண்டவன் வீட்டுக் கதை அடுத்த வருஷம் இரண்டு பங்காக வரும்.

கூத்துக்கு முந்தைய வாரம் சனங்கள் அவர் வீட்டுப் பக்கம் ஏதோ வேலையாகப் போகிற மாதிரி போவார்கள். காதும் காதும் வைத்தாற்போல ஒரு புகாரைச் சொல்லிவிட்டு வருவார்கள். இன்னார் வரப்பை வெட்டிவிட்டார், இன்னார் பால் கறக்கும்போதே தண்ணீர் கறக்கிறார் என்று. கட்டியக்காரர் அதைச் சிரிப்பாக்கித் தெருவில் போட்டு உடைப்பார். சொன்னது யார் என்று மட்டும் எவன் கேட்டாலும் வெளியே வராது.

நான் பார்த்ததிலேயே பெரிய கேலி, அரிசி மில்லுக்காரர் வாசலில் நடந்தது. மில்லுக்காரர் தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, நல்ல தொப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கட்டியக்காரர் கோலை மில் பக்கம் நீட்டினார்.

“பத்து மூட்ட நெல்லு உள்ள போச்சு. அரிசி அஞ்சு மூட்ட வெளிய வந்துது. மீதி எங்கடான்னு கேட்டா, மிஷினு துன்னுட்ச்சாம்பா! மிஷினுக்குத் தொப்ப போடுமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. தோ நிக்குது பாரு மிஷினு, வெள்ள சட்ட போட்டுக்கினு!”

மில்லுக்காரரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வார். அதற்கப்புறம் இரண்டு மாசம் அந்த மில்லில் அரிசி ஒழுங்காக வந்தது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஆள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் நானே வாசலில் முறத்தோடு காத்திருந்தேன். ‘ரெண்டு வாயி’ கேலி வருஷா வருஷம் கொஞ்சம் மாறி வரும், ஆனால் வராமல் இருக்காது. நான் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் படி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, “தங்கச்சி கழனி அரிசி. இதுக்கு வாயே கெடையாது, அத்தினி வாயையும் தங்கச்சியே வாங்கிக்கினு வந்துட்ச்சு” என்பார்.

அது என் கழனிதான். ஏரிக்குக் கீழே, இரண்டாம் மதகுப் பாய்ச்சலில் முக்கால் ஏக்கர். நைனா தன் வண்டியையும் மாட்டையும் விற்று, என் பேரில் வாங்கிக் கொடுத்தது. பட்டா என் பேரில். எங்கள் குடும்பம் சாப்பிட்டது அந்த முக்கால் ஏக்கரில்தான். புருஷனுக்கு வேறு நிலம் இல்லை.

கட்டியக்காரர் ஒரு வீட்டைக் கேலி பண்ணாமல் தாண்டிப் போனால் என்ன அர்த்தம் என்பதையும் எதிர்வீட்டுக்காரிதான் எனக்குச் சொன்னாள். “ரெண்டே காரணம்க்கா. அந்த வருஷம் அந்த ஊட்ல சாவு உழுந்திருக்கணும். சாவு ஊட்டு வாசல்ல வேஷத்தோட நிக்கக் கூடாது. கோலக் கக்கத்துல இடுக்கிக்கினு தலயக் குனிஞ்சுகினு போய்டுவாரு. அது இல்லாங்காட்டி, அந்த ஊட்டுச் சோறு அவரு வயித்துல கீதுன்னு அர்த்தம்.”

முதல் காரணத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு வாசல் சிரிப்பாகப் போகும், ஐந்தாவது வாசலில் அந்தக் கோல் கக்கத்துக்குப் போய்விடும், சலங்கைச் சத்தம்கூட அடங்கினாற்போல இருக்கும். இரண்டாவது காரணத்தை அதுவரை பார்த்ததில்லை.

அறுபதுகளின் கடைசி. எங்கள் பக்கம் கட்சிக் கூட்டம் இல்லாத வாரம் இல்லை. மில்லுக்காரர் ஒரு கட்சியில் சேர்ந்து உள்ளூரில் பெரிய ஆளாகிவிட்டார். வெளியூர்ப் பேச்சாளர் எப்போதும் நேரத்துக்கு வரமாட்டார். அவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்க ஓர் ஆள் வேண்டும். மில்லுக்காரர் யோசித்துவிட்டுக் கட்டியக்காரரை மேடை ஏற்றினார்.

ஐயோ, அந்த முதல் கூட்டம்! மைக்கைப் பிடித்து எதிர்க்கட்சிக்காரர் நடையை, இருமலை, மூக்குப்பொடி போடுவதை எல்லாம் செய்து காட்டினார். எதிர்க்கட்சிக்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வெளியூர்ப் பேச்சாளர் வந்து பேச ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

நாலைந்து கூட்டம் போனதும் எனக்கு எங்கேயோ உதைத்தது. எதிர்க்கட்சி ஆளின் மூக்குப்பொடி வருகிறது, சரி. இவர்கள் கட்சி வட்டச் செயலாளர் நாக்குக் குளறக் குடித்துவிட்டு மேடையிலேயே தூங்கினாரே, அது ஏன் வரவில்லை? மில்லுக்காரர் தொப்பை எங்கே போனது? முன்பெல்லாம் கோல் நாலு பக்கமும் சுற்றும். இப்போது ஒரு பக்கம்தான் நீளுகிறது. சிரிப்பும் மாறிப்போயிற்று. முன்வரிசைக் கட்சிக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். அதைக் கேட்டுப் பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் வாயைத் திறக்குமுன்னே சிரித்த ஜனம், இப்போது யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

அந்த வருஷக் கூத்துக் காலையில் மில்லுக்காரர் வாசலில் என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காகவே நான் தெருமுனை வரை பின்னாலேயே போனேன். கட்டியக்காரர் நின்றார். கோலைத் தூக்கினார். அரிசி வந்தது. “நல்லா இருங்க, குடும்பத்தோட நல்லா இருங்க” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

கட்டியக்காரர் வாழ்த்துகிறார்! எதிர்வீட்டுக்காரி என் இடுப்பில் இடித்தாள். “பாத்தியாக்கா? சோறு உள்ள போய்ட்ச்சு.”

அதற்கடுத்தாற்போல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மில்லுக்காரர் தான் நிற்காமல் கட்டியக்காரரைத் தலைவருக்கு நிறுத்தினார். ஒரு நாள் காலையில் மேளத்தோடு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். அன்று நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலை நேரம், மேளச் சத்தம், கட்டியக்காரர் வருகிறார் என்று பிள்ளைகள் ஓடிவந்து சொல்லவும், எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் ஆளுக்கு ஒரு படி அரிசியோடு வாசலுக்கு வந்து நின்றுவிட்டோம்! அவரானால் வெள்ளை வேட்டி, தோளில் கட்சித் துண்டு, முகத்தில் அரிதாரம் இல்லை. அரிதாரம் இல்லாமல் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். சாதாரண முகம். கொஞ்சம் களைத்த முகம்.

கைகூப்பிக்கொண்டு என் வாசலில் நின்றார். நான் கேலிக்காகக் காத்திருந்தேன். “தங்கச்சி, ஓட்டு நமக்குத்தான் போடணும்” என்றார். இதுதான் கேலியின் ஆரம்பம் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். பக்கத்து வாசல்களிலும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற மில்லுக்காரர், “இன்னாம்மா சிரிப்பு, தலைவரு கேக்குறாரு இல்ல” என்றார். நாங்கள் படியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டோம்.

ஜெயித்துவிட்டார். ஊரே அவருக்குத்தான் போட்டது என்றார்கள். நான் போடவில்லை. போட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

தலைவரான பிறகு கூத்தில் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார். தலைவர் குல்லா போட்டுக்கொண்டு ஆடினால் மரியாதை என்ன ஆகும் என்று மில்லுக்காரர் சொல்லிவிட்டாராம். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வேறொரு கட்டியக்காரனைக் கூட்டி வந்தார்கள். அவனுக்கு எங்கள் வீடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லா வாசலிலும் மாமியார் மருமகள் என்று ஒரே கேலியைச் சொல்லிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனான். எங்களுக்கு அதில் ஒரு நிறைவும் இல்லை.

சனங்கள் புகார் சொல்ல மட்டும் பழையபடி அவர் வீட்டுக்கே போனார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வந்த அன்றே தீர்ந்துபோகிறது என்று எதிர்வீட்டுக்காரி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். “பாக்கலாம்மா” என்றாராம். முன்பு அவர் வாயில் வராத வார்த்தை அது. மூன்றாம் நாள் ரேஷன் கடைக்காரன் இவளைப் பார்த்து, “இன்னாம்மா, என்னப் பத்திப் பெரிய எடத்துல சொல்றியாமே?” என்று கேட்டிருக்கிறான். இவள் வெலவெலத்துப் போய் வந்தாள். தலைவர்தான் சொன்னாரா, அவர் வீட்டுக்கு வருகிற போகிற கட்சிக்காரன் எவனாவது ஒட்டுக்கேட்டுச் சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று நான் யோசிக்கவே இல்லை. அவர்தான் என்று சொன்னேன், தண்ணீர்ப் பம்பில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். அதற்கப்புறம் ஒருத்தரும் அவரிடம் எதையும் சொல்லப் போகவில்லை. அவர் தெருவில் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு காலத்தில் அவர் வந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. இரண்டாம் மதகைத் திறக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் மில்லுக்காரர் ஏரிக்குக் கீழே இருக்கும் கழனிகளை ஒவ்வொன்றாக விலைக்குக் கேட்க ஆரம்பித்தார். தென்னந்தோப்பு வைக்கப் போகிறாராம். எங்களிடமும் வந்தார். “காஞ்ச நெலத்த வச்சுக்கினு இன்னாம்மா பண்ணப் போற? வித்துட்டு ஒரு பசு மாடு வாங்கு, நாலு டப்பு கைல வச்சுக்க” என்றார். டப்பு என்ற வார்த்தையை எனக்காகவே போட்டார் என்பது தெரிந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது. என் புருஷன், “கழனி உன்னுது, நீயே சொல்லு” என்றுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். வெயிலுக்குத் தெருவில் ஆளில்லை. நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கொல்லைப் படலைத் திறந்துகொண்டு கட்டியக்காரர் உள்ளே வந்தார். தோளில் கட்சித் துண்டு இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். வாசல் பக்கம் வராமல் கொல்லை வழியாக ஒரு பஞ்சாயத்துத் தலைவர் ஏன் வரவேண்டும்?

“தங்கச்சி, கழனிய விக்காத” என்றார்.

“ஏண்ணா?”

“காரணம் கேக்காத. ஒரு வருஷம் பொறு.”

“காரணம் சொல்லாம நா எப்பிடிப் பொறுக்கறது? பசங்களுக்கு உங்க ஊட்லருந்தா சோறு வரும்?”

கொல்லையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஏரிக்குக் கீழ கம்பெனிங்க வரப்போது. சர்க்காரே நெலத்த எடுக்கும். யார் பேர்ல பட்டா கீதோ அவங்களுக்குத்தான் பணம். ஊட்டுக்கு ஒருத்தருக்கு வேலகூட தருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அதுக்குள்ள அவுரு எல்லாத்தையும் தன் பேருக்கு மாத்திக்கப் பாக்குறாரு. நான் சொன்னதா வெளிய சொல்லாத.”

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சந்தேகம். மில்லுக்காரர் சோறு தின்கிறவர், அவர் தயவில் தலைவரானவர், அவருக்கே குழி பறிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? பங்கு பிரிப்பதில் ஏதோ தகராறு. அல்லது வேறு எவனோ வாங்குவதற்கு இவர் தரகு பேச வந்திருக்கிறார். மடியில் கனம் இல்லாதவன் கொல்லை வழியாக ஏன் வருகிறான்?

கையில் சாம்பலோடு எழுந்து நின்றேன். “அண்ணா, நெசம்னா தெருவுல நின்னு சொல்லு. முன்ன மிஷினு தொப்பையத் தெருவுலதான சொன்ன? அப்ப ஊரே நம்புச்சே. கோல எடுத்துக்கினு அவுரு வாசல்ல போய் நின்னு இதச் சொல்லு, நானும் நம்பறேன்.”

அவர் கை, தோளில் இல்லாத துண்டைத் தேடித் தடவியது.

“என்னயப் பாத்து ரெண்டு வாயின்னு வருஷா வருஷம் சொன்னியே. இப்ப யாருக்குண்ணா ரெண்டு வாயி? மேடையில ஒண்ணு, என் கொல்லையில ஒண்ணு.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “அந்தக் கோல எங்க வச்சேன்னு எனக்கே தெர்ல தங்கச்சி” என்றார்.

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கதோஷம்தான், வேறென்ன. அவரும் லேசாகச் சிரித்தாரா, இல்லையா, ஞாபகமில்லை. படலைச் சாத்திவிட்டுப் போனார். நான் சிரித்ததால், அவர் சொன்னது முழுவதுமே விளையாட்டு என்று என் புத்தி முடிவு கட்டிக்கொண்டது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், எனக்கோ இரண்டு வாய். மறுநாள், மிச்சமிருந்த நெல்லைக் குத்தக் கொடுக்கிற சாக்கில் மில்லுக்குப் போனேன். ஆழம் பார்க்கிறேன் என்று நினைப்பு. “உங்க தலைவரே வந்து விக்காதன்னு சொல்றாரே, இன்னா சமாச்சாரம்?” என்று மில்லுக்காரரைக் கேட்டேன்.

மில்லுக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சிரித்தார். “அவனா? கூத்தாடி கெயக்க பாப்பான், கூலிக்காரன் மேக்க பாப்பான். எப்ப விடியும், எப்ப ஊட்டுக்குப் போலாம்னு கீறவனுக்குக் கழனியப் பத்தி இன்னாம்மா தெரியும்? அவன் பேச்சக் கேட்டு சிரிக்கத்தான் சிரிக்கணும், நம்பக் கூடாது.” பிறகு, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார். “இன்னா சொன்னான், முழுசா சொல்லு.”

முழுசாகச் சொன்னேன்.

அடுத்த வாரமே கும்மிடிப்பூண்டிப் பத்திரப் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாம் கைநாட்டு. நான் எட்டாவது வரை படித்தவள். பேரை முழுசாக, புள்ளி விடாமல் எழுதினேன். எழுதிவிட்டுத் தலைநிமிர்ந்து பார்த்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று. இதை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சர்வே ஆட்கள் சங்கிலியோடு வந்தார்கள். கல் நட்டார்கள். நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தது. ஏரிக்குக் கீழே முக்கால்வாசி நிலத்துக்கு நோட்டீஸ் மில்லுக்காரர் பேருக்கும் அவருடைய அக்கா மகன்கள் பேருக்கும் போனது. தென்னங்கன்று ஒன்றுகூட அவர் வைக்கவில்லை. எங்கள் தெருவில் விற்காமல் இருந்தது ஒரே ஒரு குடும்பம். அவர்களும் கட்டியக்காரரை நம்பி இருந்தவர்கள் இல்லை. அண்ணன் தம்பி சண்டையில் பாகம் பிரியாமல் கிடந்ததால் விற்க முடியவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு கம்பெனி வந்ததும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் வேலை கிடைத்தது. என் புருஷன் அந்தக் கம்பெனி கேட்டில் காவல்காரனிடம், “எங்க கழனிகூட இதுக்குள்ளதான் கீது” என்று சொல்லிக்கொண்டு வேலை கேட்டு நின்றார். ‘பேப்பர் இருக்கா?’ என்று அவன் கேட்டானாம்.

கட்டியக்காரரைக் கட்சி ஒதுக்கியது நான் கையெழுத்துப் போட்ட மாசத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது. மேடையில் ஏற்றவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் அவர் சொன்னது நடக்கவில்லை. கொஞ்ச நாளில் தலைவர் பதவியிலிருந்து அவரே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார் என்றார்கள். விலக்கினார்கள் என்றும் சொன்னார்கள். ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்த வருஷக் கூத்துக்கு அவரே திரும்பவும் வேஷம் கட்டினார். ஊர் முழுக்கக் கூடியது. ஆனால் பழைய சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு கேலி சொன்னால், இது எந்தக் கட்சியைச் சொல்கிறார், யார் சொல்லச் சொன்னார்கள் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். மாட்டைப் பற்றிச் சொன்னால்கூட அந்த மாடு யாருடையது என்று யோசித்தார்கள். ஆள் அதே ஆள், குரல் அதே குரல், வாயும் கையும் ஒன்றுகூடத் தவறவில்லை. கேட்கிற எங்கள் காதுதான் கெட்டுப்போயிருந்தது.

காலையில் தெருவுக்கு வந்தார். மில்லுக்காரர் வாசலில் நின்று கோலை நேராக அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். “முன்ன இந்த மிஷினு நெல்லத்தான் துன்னும். இப்ப கழனியவே துன்னுட்ச்சு. அடுத்தாப்ல ஏரி. தண்ணி குட்ச்சுக்கணும் இல்ல!” என்றார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மில்லுக்காரர் மட்டும் சிரித்தார்.

அவர் எங்கள் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் முறத்தையும் படியையும் எடுத்து வந்தேன். என்ன சொல்லப் போகிறாரோ? ரெண்டு வாயும் சேர்ந்து கழனியைத் தின்றது என்று சொல்லட்டும். மில்லில் போய் ஊதினவள் என்று தெருவறியச் சொல்லட்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் வாயால் ஒரு தரம் திட்டு வாங்கிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றார். ரேஷன் சர்க்கரையை வைத்து ஏதோ சொன்னார். அவள் சிரித்துவிட்டு அரிசியைக் கொட்டினாள். அடுத்தது என் வாசல்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோலைக் கக்கத்தில் இடுக்கினார். தலையைக் குனிந்துகொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்.

“அண்ணா!” என்று கத்தினேன். “எங்க ஊட்ல யாரும் சாவல. எல்லாரும் உசுரோடதான் கீறோம்.”

நடை ஒரு நொடி நின்றது. திரும்பவில்லை. மறுபடி நடந்தார். அடுத்த வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் கோல் கக்கத்திலிருந்து கைக்கு வந்தது.

“இன்னாக்கா, உன்ன உட்டுட்டாரு? உன் வாய்க்கு பயந்துகினு போறாரா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் முறத்தோடு உள்ளே போனேன். மில்லில் போய்ச் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றிலிருந்து அதே சந்தேகம்தான். தெரிந்திருந்தும் என் கழனிக்காகக் கோலை இடுக்கிக்கொண்டு போனார் என்றால், அதை என்னால் தாங்கவே முடியாது.

முறத்தில் ஒரு படி அரிசி அப்படியே இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கூத்துப் படிக்கென்று அந்த வீட்டில் நான் அளந்த முதல் கடை அரிசி அது. மத்தியானம் உலையில் அதைத்தான் போட்டேன்.